மாறும் தரவுக்கு ஒரே பொறுப்பாளர்

பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடும் நிரலை வடிவமைக்க உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர், எந்தெந்த இடத்தில் பூட்டுப் போடலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அந்த யோசனையைச் சற்றுத் தள்ளிவைக்கச் சொல்கிறது இந்த அத்தியாயம். அதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: நிரலில் மதிப்பு மாறக்கூடிய ஒவ்வொரு தரவும் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரே ஒரு த்ரெட்தான் தொட முடியும் என்ற நிலையை நிரலின் அமைப்பிலேயே உண்டாக்கிவிட்டால், பூட்டுகளில் பெரும்பகுதி தேவைப்படாது. மிஞ்சும் சில பூட்டுகளும் உட்கார்ந்து சரிபார்க்கக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடும். பகிர்ந்த தரவைக் கவனமாகக் கையாள்வதைவிடப் பகிர்வையே அரிதாக்குவது பாதுகாப்பானது. இப்படிச் சொல்வது நிரலர்களின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. கவனத்தை மட்டும் நம்பி எழுதிய நிரல்கள் என்ன ஆயின என்பதற்குத் தெளிவான பதிவுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்துதான் இந்த முடிவு வருகிறது.

இணை நிரலாக்கம் ஒரு காலத்தில் இயங்குதளம் எழுதுகிறவர்களும் தொலைபேசி இணைப்பகம் கட்டுகிறவர்களும் மட்டும் கவலைப்பட்ட விஷயம். 2004 வாக்கில் அந்த நிலை மாறியது. செயலியின் கடிகார வேகத்தை ஏற்ற ஏற்ற வெப்பமும் மின்செலவும் கட்டுக்கடங்காமல் போயின. பென்டியம் 4 வரிசையில் அடுத்து வரவிருந்த தேஜஸ் என்ற திட்டத்தை இன்டெல் அந்த ஆண்டு கைவிட்டு, ஒரே சில்லில் பல கோர்களை வைக்கும் பாதைக்குத் திரும்பியது. இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே எட்டு கோர்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த விரும்பும் எவரும் இந்தச் சிக்கலைச் சந்தித்தே ஆக வேண்டும்.

சிக்கலின் வேர் மிகச் சிறியது. ஓர் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுவது நிரலில் ஒரு வரி. செயலிக்கு அது மூன்று வேலை. நினைவகத்திலிருந்து மதிப்பைப் படிக்க வேண்டும், ஒன்று கூட்ட வேண்டும், திரும்ப எழுத வேண்டும். இரண்டு த்ரெட்கள் 41 என்ற மதிப்பை ஒரே சமயத்தில் படித்தால், இரண்டுமே 42 என்று எழுதும். ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. வேகத்துக்காகக் கம்பைலரும் செயலியும் கட்டளைகளின் வரிசையை மாற்றுகின்றன. ஒரு த்ரெட் எழுதிய மதிப்பு இன்னொரு த்ரெட்டுக்கு எப்போது தெரியும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. 'வேலை முடிந்தது' என்று ஒரு த்ரெட் எழுதிவைக்கும் சாதாரண மாறியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு த்ரெட் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம். சி++ மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிலை இத்தகைய டேட்டா ரேஸ் உள்ள நிரலுக்கு எந்தப் பொருளும் தருவதில்லை. பிழையான விடை வரும் என்றுகூட அது சொல்லவில்லை. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று விட்டுவிடுகிறது.

டேட்டா ரேஸ் உண்டாக மூன்று நிலைமைகள் ஒருங்கே சேர வேண்டும். ஒரே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட்கள் எட்ட வேண்டும். அவற்றில் ஒன்றாவது அதை மாற்ற வேண்டும். எது முந்தி எது பிந்தி என்று வரையறுக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கக் கூடாது. மூன்றில் எதைத் தகர்த்தாலும் ரேஸ் இல்லை. பூட்டு மூன்றாவதைத் தகர்க்கிறது. மாறாத தரவு இரண்டாவதைத் தகர்க்கிறது. தனிமைப்படுத்துதல் முதலாவதைத் தகர்க்கிறது. தர்க்கத்தில் மூன்றும் சமம் என்றாலும் நடைமுறையில் சமமல்ல. முதல் இரண்டு நிலைமைகளையும் நிரலின் அமைப்பைப் பார்த்தே சரிபார்க்கலாம். மூன்றாவதைச் சரிபார்க்க வேண்டுமானால், நிரல் ஓடும்போது நேரக்கூடிய எல்லா வரிசைகளையும் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்துப் பத்துக் கட்டளைகள் உள்ள இரண்டு த்ரெட்கள் ஒன்றோடொன்று கோக்கப்படும் வழிகளே 1,84,756.

'சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?' என்பது இயல்பான கேள்வி. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். ஓஹையோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய எக்ஸ்ஏ/21 என்ற மென்பொருள் பிற்பகல் 2.14 மணிக்குப் பிறகு ஊமையாகிவிட்டது. மின்தடங்கள் ஒவ்வொன்றாக மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டபோது, எல்லாம் சரியாக இருப்பதாகவே அங்கிருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், மாலை 4.10ஐத் தாண்டியதும் வலைப்பின்னல் சரிந்தது. மரங்களை வெட்டாமல் விட்டது உட்படப் பல காரணங்கள் சேர்ந்த விபத்து அது. ஆனால் எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று பல வாரங்கள் தேடியபோது கிடைத்த விடை, ஒரே தரவு அமைப்பில் இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் எழுத நுழைந்ததுதான். அந்த வாய்ப்பு மில்லி விநாடிகளில் அளக்கும் அளவே அகலமானது. பல இடங்களிலும் சேர்த்து முப்பது லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்த மென்பொருளில் அதுவரை அந்தப் பிழை ஒரு முறையும் தலைகாட்டவில்லை. எந்தச் சோதனைக்கூடம் இதைவிட நீண்ட சோதனையை நடத்த முடியும்?

தெராக்-25 கதை இன்னும் கொடியது. இந்தத் துறையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் விவரமாக அறிந்திருக்க வேண்டியது. கனடாவில் தயாரான இந்தக் கதிரியக்கச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986இல் நடந்தவற்றின் காரணம் பின்னர் தெளிவாகத் தெரியவந்தது. சிகிச்சை வகையை இயக்குபவர் திரையில் தவறாகத் தட்டிவிட்டு, உடனே மேலே போய்த் திருத்தினார். காந்தங்கள் இடத்துக்கு வர எடுத்துக்கொள்ளும் எட்டு விநாடிகளுக்குள் திருத்தம் முடிந்துவிட்டால், விசைப்பலகையைக் கவனித்த செயலும் இயந்திரத்தை அமைத்த செயலும் பகிர்ந்துகொண்ட மாறிகளில் ஒன்று பழைய நிலையிலும் மற்றொன்று புதிய நிலையிலும் நின்றன. இயக்குபவர்கள் பழகிப் பழகித் தட்டச்சில் வேகம் கூடியபோதுதான் இந்தப் பிழை வெளியே வந்தது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் நடந்த விபத்துக்குக் காரணம் வேறொரு பகிர்ந்த மாறி. ஒரே பைட் அளவுள்ள அந்த மாறி ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிக்கொண்டே போய், 256ஆம் சுற்றில் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் சரிபார்க்க வேண்டியதில்லை என்று மற்றொரு செயல் எடுத்துக்கொள்ளும். முந்தைய மாடலான தெராக்-20இன் மென்பொருளிலும் முதல் வகைப் பிழை இருந்தது. அதில் வன்பொருள் தடுப்புகள் தனியே இருந்ததால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. மென்பொருளை நம்பி அந்தத் தடுப்புகளைத் தெராக்-25இல் நீக்கியிருந்தார்கள்.

பலர் படிக்கும் திறந்த மூல நிரலிலும் இதே கதைதான். டர்ட்டி கவ் என்று பெயர் பெற்ற ரேஸ் பிழை 2007இல் லினக்ஸ் கர்னலுக்குள் நுழைந்து 2016 அக்டோபர் வரை இருந்தது. எழுத அனுமதியில்லாத கோப்பில் சாதாரணப் பயனர் எழுத அது வழிவிட்டது. உலகின் மிகக் கூர்மையான கண்கள் பார்த்த நிரலில் ஒன்பது ஆண்டுகள் இருந்த பிழையை, காலக்கெடுவுக்குள் வேலை பார்க்கும் ஒரு குழு கண்ணால் பிடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அப்படியானால் எல்லா இடத்திலும் பூட்டுப் போட்டுவிடலாமே என்று தோன்றும். பூட்டின் குறை, எந்தத் தரவைக் காக்கிறது என்பது அதற்கே தெரியாது என்பதுதான். சி, சி++, ஜாவா, பைத்தான் ஆகியவற்றில் பூட்டு ஒரு தனிப் பொருள், தரவு வேறு பொருள். 'இதைத் தொடும் முன் அதைப் பூட்டு' என்ற ஒப்பந்தம் ஒரு குறிப்பு வரியிலோ எழுதியவர் நினைவிலோதான் வாழ்கிறது. அந்த மாறியைப் பத்து இடங்களில் தொடுகிற நிரலில் ஒன்பது இடத்தில் பூட்டிவிட்டு ஓரிடத்தில் மறந்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான். கம்பைலர் ஒரு வார்த்தையும் சொல்லாது. மைசீக்வல், அப்பாச்சி, மொசில்லா, ஓப்பன்ஆஃபீஸ் ஆகிய நான்கிலிருந்தும் 105 இணை நிரலாக்கப் பிழைகளை எடுத்து அலசிய ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. அவற்றில் 31 பிழைகள் டெட்லாக், அதாவது பூட்டுகளே உண்டாக்கிய முடக்கம். மற்ற 74 பிழைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, பூட்டைச் சேர்க்காமலும் மாற்றாமலும் வேறு வழியில் சரிசெய்யப்பட்டிருந்தன. பூட்டு அங்கே பொருத்தமான மருந்தாக இருக்கவில்லை. மொத்தத்தில் 96 சதவீதப் பிழைகள் தலைகாட்ட இரண்டே த்ரெட்கள் போதுமாக இருந்தன. 'நம் நிரலில் இரண்டு மூன்று த்ரெட்கள்தானே' என்பவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பூட்டைச் சரியாகப் போட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாள்களில் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ள ஆரம்பித்தது. முன்னுரிமை குறைந்த வானிலைச் செயல் ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. முன்னுரிமை மிகுந்த செயல் அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமையுள்ள செயல் ஒன்று இடையில் புகுந்து பூட்டு விடுபடாமல் செய்தது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே சரி, சேர்ந்தபோது கோளாறு. பூட்டுகள் இப்படித்தான். சரியான இரண்டு பகுதிகளைச் சேர்த்தால் சரியான முழுமை கிடைக்கும் என்ற உறுதி அவற்றில் இல்லை. பெரிய நிரல் எழுதுகிறவருக்கு அந்த உறுதிதான் மிகவும் தேவை.

தரவைத் தனிமைப்படுத்தும் எண்ணம் புதிதல்ல. 1973இல் கார்ல் ஹெவிட்டும் உடன் உழைத்தவர்களும் ஆக்டர் என்ற மாதிரியை முன்வைத்தார்கள்: ஒவ்வோர் ஆக்டருக்கும் தன் தரவு தனக்கு மட்டும், மற்றவர்கள் செய்திதான் அனுப்ப முடியும். 1975இல் பெர் பிரிஞ்ச் ஹான்சன் வடிவமைத்த கன்கரன்ட் பாஸ்கல் மொழியில், பகிர்ந்த மாறிகளை அவற்றுக்குரிய வழியாகத்தான் தொட முடியும். மீறினால் கம்பைலரே நிறுத்திவிடும். ஜாவா வந்தபோது அந்தப் பாதுகாப்பை அது கைவிட்டதைப் பார்த்து, 1999இல் அவர் கடுமையாக எழுதினார். அவர் சொன்னது சரி என்றே இன்று தோன்றுகிறது. எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் தொடங்கிய எர்லாங் மொழி இந்த எண்ணத்தை முழுமையாகக் கைக்கொண்டது. அதில் ஒவ்வொரு செயலுக்கும் தனி நினைவகம். செய்தி அனுப்பினால் நகல் போகும். ஒரு செயல் செத்தால் அதன் தரவும் அதோடு போகும், பக்கத்துச் செயல் பாதி மாறிய தரவோடு தவிக்காது. நிற்கவே கூடாத தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த மொழி என்பதால் இந்தக் கடைசிப் பண்பு அதற்கு உயிர்நாடி. 2012இல் வாட்ஸ்அப் ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது இதே எர்லாங்கில்தான்.

எர்லாங் சுவர் எழுப்பித் தனிமைப்படுத்துகிறது என்றால், ரஸ்ட் மொழி கணக்கு வைத்துத் தனிமைப்படுத்துகிறது. 2015 மே மாதம் முதல் முழுப் பதிப்பு வந்த ரஸ்டில் எல்லா மதிப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஒரு த்ரெட்டுக்குத் தரவைக் கொடுத்துவிட்டால் கொடுத்தவர் அதை மீண்டும் தொட முடியாது. தொட முயலும் வரி கம்பைல் ஆகாது. ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. பூட்டு தேவைப்படும் இடத்திலும் மியூடெக்ஸ் என்ற ரஸ்டின் பூட்டு தரவைத் தன் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. பூட்டைப் பிடிக்காமல் பகிர்ந்த தரவை எட்டும் வழியே இல்லை. இதன் பலனுக்குச் சான்றாக 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57ஐச் சொல்லலாம். வலைப்பக்கத்தின் தோற்ற விதிகளைக் கணக்கிடும் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க மொசில்லா அதற்கு முன் சி++ மொழியில் இரண்டு முறை முயன்று கைவிட்டிருந்தது. மூன்றாம் முறை ரஸ்டில் எழுதியபோது அது நடந்தேறியது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியும் 2021இல் ஆக்டர்களைச் சேர்த்து, 2024இல் வந்த ஆறாம் பதிப்பில் தனிமையை மீறும் வரிகளைக் கம்பைலரே பிழையாக நிறுத்தும் நிலைக்கு வந்திருக்கிறது. தனிமைப்படுத்துதல் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அன்றாட வேலைக்கு வந்துவிட்டது என்பதற்கு இவை போதும்.

இனி செயல்முறைக்கு வருவோம். கையில் இருக்கும் நிரலில், தொடங்கிய பிறகும் மதிப்பு மாறக்கூடிய தரவுகளை ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். குளோபல் மாறிகள், கிளாஸுக்குப் பொதுவான ஸ்டாடிக் மாறிகள், கேஷ்கள், எண்ணிகள், திறந்த இணைப்புகள் எல்லாம் இதில் வரும். ஒவ்வொன்றுக்கும் நேராக, அதை மாற்றுகிற த்ரெட் எது, படிக்கிறவை எவை என்று குறியுங்கள். பட்டியலைப் பார்த்ததும் தெரியும், பலவும் மாற வேண்டிய தேவையே இல்லாமல் மாறிக்கொண்டிருக்கின்றன. அமைப்புக் கோப்பிலிருந்து படித்த மதிப்புகள் தொடக்கத்தில் ஒருமுறை உருவானபின் மாறாமல் இருக்கலாம். இடையில் புதுப்பிக்க வேண்டுமானால் புதிய முழுத் தொகுப்பை உருவாக்கி, அதைச் சுட்டும் ஒரே குறியை அணுநிலையில் மாற்றினால் போதும். ஜாவாவின் சிம்பிள்டேட்ஃபார்மேட் இதற்கு நல்ல பாடம். தேதியை எழுத்தாக மாற்றும் அந்தச் சாதாரணப் பொருள் தன் இடைக்கணக்கைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வதால், அதை ஸ்டாடிக் மாறியாகப் பலரும் பகிர்ந்தபோது ஒருவரின் தேதி இன்னொருவரின் விடையில் வந்தது. 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த புதிய தேதி நூலகம் மாறாத பொருள்களால் ஆனது. அந்த வகைப் பிழை அதில் பிறக்கவே வழியில்லை. சர்வ்லெட் கிளாஸின் உள்மாறியில் பயனர் விவரத்தை வைப்பதும் இதே தவறுதான். எல்லாக் கோரிக்கைகளும் அந்த ஒரே பொருளுக்குள் ஓடுகின்றன என்பதால், ஒருவர் விவரம் இன்னொருவர் திரையில் தெரியும்.

மாறியே ஆக வேண்டிய தரவுகளுக்கு அடுத்த வழி, பங்கு பிரித்துக் கொடுப்பது. ஒரு கோடி வரிகளில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும் என்று வையுங்கள். பொதுவான ஓர் அட்டவணை, அதற்கொரு பூட்டு என்று எழுதினால் எட்டு த்ரெட்களும் அந்தப் பூட்டுக்காக வரிசையில் நிற்கும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் வரிகளில் ஒரு பங்கையும் சொந்த அட்டவணை ஒன்றையும் கொடுத்து, கடைசியில் எட்டு அட்டவணைகளையும் ஒரே த்ரெட் கூட்டினால், ஓடும்போது பகிர்வே இல்லை. இது பாதுகாப்பாக இருப்பதோடு வேகமாகவும் இருக்கும். கோர்கள் நினைவகத்தை வழக்கமாக 64 பைட் கொண்ட துண்டுகளாகத் தங்கள் கேஷுக்கு இழுக்கின்றன. ஒரு துண்டில் ஒரு கோர் எழுதினால் மற்றக் கோர்களின் பிரதிகள் செல்லாதவை ஆகின்றன. இரண்டு த்ரெட்களின் தனித்தனி எண்ணிகள் தற்செயலாக ஒரே துண்டில் அடுத்தடுத்து அமைந்தால்கூட அந்தத் துண்டு கோர்களுக்கிடையே அலைந்துகொண்டே இருக்கும். ஆகவே தனித்தனி மாறிகள் என்று பெயரளவில் பிரித்தால் போதாது. நினைவகத்திலும் அவை விலகி இருக்க வேண்டும்.

பிரிக்கவும் முடியாமல், மாறாமல் வைக்கவும் முடியாமல் எஞ்சும் தரவுக்கு ஒரு காவலர் வேண்டும்: அந்தத் தரவைத் தொடும் உரிமை உள்ள ஒரே த்ரெட் அல்லது ஆக்டர். மற்றவை அதற்குச் செய்தி அனுப்பும். அது ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும். ரயில் முன்பதிவு போன்ற நிரலில், ஒரு வண்டியின் ஒரு நாள் இருக்கைகள் முழுவதையும் ஒரு காவலரிடம் விடலாம். வெவ்வேறு வண்டிகளின் காவலர்கள் இணையாக ஓடுவார்கள், ஒரே வண்டிக்கான கோரிக்கைகள் வரிசையில் வரும். இங்கே மிகவும் கவனிக்க வேண்டியது செய்தியின் வடிவம். '32ஆம் இருக்கை காலியா?' என்று ஒரு செய்தி, 'அப்படியானால் எனக்குக் கொடு' என்று இன்னொரு செய்தி என அமைத்தால், இரண்டுக்கும் நடுவில் வேறொருவர் அதை எடுத்துவிடலாம். டேட்டா ரேஸ் இல்லை, கம்பைலர் குறை சொல்லாது. ஆனாலும் ஒரே இருக்கையை இருவர் தமதென்று நம்புவார்கள். 'காலியாக இருந்தால் கொடு, இல்லையென்றால் இல்லை என்று சொல்' என்று முடிவு முழுவதும் காவலரிடமே எடுக்கப்படும்படி ஒரே செய்தியாக அமையுங்கள். ஸ்விஃப்ட் ஆக்டர்களில் இந்த ஆபத்து வேறு உருவில் வரும்: ஆக்டரின் உள்ளேயே அவெய்ட் என்று ஓரிடத்தில் காத்திருந்தால், அந்த இடைவெளியில் வேறு கோரிக்கை நுழைந்து தரவை மாற்றலாம். காத்திருப்புக்கு முன் பார்த்த மதிப்பை அதற்குப் பின் மீண்டும் பார்க்காமல் நம்பக் கூடாது.

நகல் எடுத்து அனுப்பினால் மெதுவாகாதா என்பது முதல் ஆட்சேபம். சிறு செய்திகளுக்கு நகலின் செலவு, பூட்டுக்காகக் காத்திருக்கும் செலவை விடப் பெரும்பாலும் குறைவு. பெரிய தரவுக்கு நகலே தேவையில்லை. உரிமையைக் கைமாற்றினால் போதும். ரஸ்டில் கைமாற்றுவது சில பைட்களை நகர்த்தும் வேலை. உலாவியின் வெப் வொர்க்கர்களில் ஒரு பெரிய அரேபஃபரைக் கைமாற்றினால், அனுப்பியவரிடம் மிஞ்சுவது பூஜ்ய நீளமுள்ள வெற்றுப் பொருள்தான். எர்லாங்கும் 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரித் தரவை நகலெடுப்பதில்லை; அவை மாறாதவை என்பதால் செயல்கள் அவற்றைத் தயக்கமின்றிப் பகிர்கின்றன. அளந்து பார்த்து, நகல்தான் நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்த பிறகு வேறு வழி தேடுங்கள். அளக்காமல் பயத்தில் பகிர்வுக்குத் திரும்ப வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: செய்தி முறையிலும் டெட்லாக் வருமே? வரும். டாக்கர், குபர்நெட்டிஸ் உள்ளிட்ட ஆறு கோ மொழி நிரல்களில் 171 பிழைகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், நிரல் உறைந்து நின்ற பிழைகளில் பாதிக்கு மேற்பட்டவை செய்தி அனுப்பும் வழிகளால் நேர்ந்தவை. இரண்டு காவலர்கள் ஒருவர் பதிலுக்காக மற்றவர் காத்திருந்தால் இருவரும் நின்றுவிடுவார்கள். கேட்பது எப்போதும் ஒரே திசையில் போகும்படி காவலர்களை அடுக்குங்கள். பதிலுக்குக் காலவரம்பு வையுங்கள். வரிசையின் நீளத்துக்கும் எல்லை வேண்டும். எல்லையற்ற வரிசை, வேகம் குறைந்த காவலரின் முன் நினைவகம் தீரும் வரை வளர்ந்துகொண்டே போகும். ஆனால் கோ மொழியின் அனுபவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதன் சானல் வழியே ஒரு பாயின்டரை அனுப்பினால், அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே தரவைத் தொடலாம், தடுப்பார் இல்லை. ஊபர் நிறுவனம் தன் 4.6 கோடி வரி கோ நிரலைச் சோதித்தபோது ஆறு மாதத்தில் 2,000க்கு மேற்பட்ட டேட்டா ரேஸ்களைக் கண்டதாக 2022இல் வெளியிட்டது. செய்தி அனுப்புவதும் தனிமைப்படுத்துவதும் ஒன்றல்ல. செய்தி வெறும் வழி. அனுப்பியவரால் பின்னர் தொட முடியாது என்ற உறுதி இருந்தால்தான் அது தனிமை. உறைந்து நிற்கும் நிரலைக் கண்டுபிடிக்கலாம், எங்கே நிற்கிறது என்று ஸ்டாக்கைப் பார்த்தால் தெரியும். அமைதியாகத் தவறான விடை தரும் நிரலை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டுமென்றால் முதலாவதே மேல்.

மூன்றாவதாக, சில தரவுகள் இயல்பாகவே பகிரப்பட வேண்டியவை என்பார்கள். கர்னல், தரவுத்தளத்தின் உள்பகுதி, பல கோர்கள் சேர்ந்து அலசும் பெரிய வரைபடம் ஆகியவற்றில் இது உண்மைதான். அங்கே பகிர்வை ஒளிக்காமல் ஒரு சிறு தொகுதிக்குள் அடைத்து, வெளியே பாதுகாப்பான வாசலை மட்டும் வையுங்கள். அந்தச் சிறு தொகுதியும் தவறலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரஸ்டின் உறுதிமொழிகளைக் கணித முறையில் நிறுவ முயன்ற ரஸ்ட்பெல்ட் திட்டத்தின்போது, 2017இல் அதன் நிலையான நூலகத்தின் மியூடெக்ஸிலேயே ஒரு பிழை அகப்பட்டது. பூட்டைப் பிடித்தவருக்குக் கிடைக்கும் பொருளை, பகிரக் கூடாத சில வேளைகளிலும் த்ரெட்களிடையே பகிர அது அனுமதித்திருந்தது. சிறு தொகுதியாக இருந்ததால்தான் அதை நிரூபணத்துக்கு உட்படுத்தவும், ஓரிடத்தில் திருத்தவும் முடிந்தது.

கம்பைலரின் துணை இல்லாத மொழிகளில் வேலை செய்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சி++ நிரலில் எந்த மாறியை எந்தப் பூட்டு காக்கிறது என்று கிளாங் கம்பைலருக்குரிய குறிப்புகளால் எழுதிவைத்தால், மீறும் இடங்களை அது எச்சரிக்கும். ரேஸ்களைத் தேடும் த்ரெட்சானிடைசர் என்ற கருவியைச் சோதனைகளோடு தினமும் ஓட்டுங்கள். அது ஓடிய பாதைகளில் உள்ள ரேஸ்களைத்தான் சொல்லும் என்பதை நினைவில் வையுங்கள். பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் என்ற பூட்டு இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். ஒன்றைக் கூட்டும் வரி அங்கேயும் பல படிகள். படிகளுக்கிடையே த்ரெட் மாறலாம். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் ஜிஐஎல் இல்லாத பைத்தானும் சோதனை நிலையில் அறிமுகமானது. இதுவரை தற்செயலாகத் தப்பித்துவந்த நிரல்கள் அதில் தப்பாது. கணக்கு மிகுந்த வேலையை மல்ட்டிபிராசசிங் வழியே தனிச் செயல்களுக்குக் கொடுத்து, விடைகளைக் கியூவில் வாங்கிக்கொள்வது இரண்டு வகைப் பைத்தானிலும் செல்லும். பழைய நிரலை முழுவதும் திருப்பி எழுதத் தேவையில்லை. முன்பு எழுதிய பட்டியலில் மிக அதிகமான த்ரெட்கள் தொடும் மாறியை எடுத்து, அதை ஒரு காவலரின் உள்ளே நகர்த்தி, வெளியிலிருந்து நேரே தொட்ட வரிகளெல்லாம் கம்பைல் ஆகாதபடி தனிப்பட்டதாக்குங்கள். உடையும் ஒவ்வொரு வரியும் இதுவரை யாரும் எழுதிவைக்காத ஒரு பகிர்வு. அவற்றைச் செய்திகளாக மாற்றி முடித்த பிறகு அடுத்த மாறிக்குப் போகலாம்.